ஜெபமாலை டப்பாவில் மஞ்சள் மாத்திரை

பயத்துக்கு மாத்திரை உண்டு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுக்கடுப்புக்கு மிக்சர், பயத்துக்கு மந்திரித்த தீர்த்தம். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா எங்களுக்கு விட்டுப்போன வைத்தியம் அவ்வளவுதான். அவர் போன பிறகு அம்மாவும் நானும் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்து நான்கு வயதானபோது தீர்த்தம் கைவிட்டுவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஜன்னல் கிடையாது. எதிரே வரிசை வரிசையாக ஓட்டை போட்ட போர்டு, அதில் செருக ஒயர்கள், தலையில் இரும்புப் பட்டையோடு ஹெட்போன். யாராவது போனை எடுத்தால் போர்டில் ஒரு சின்ன மூடி டக்கென்று விழும். ஒயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இணைத்துவிட வேண்டும். மாற்று ஆள் வந்து உட்காராமல் எழுந்திருக்கக் கூடாது. மாற்று ஆள் மதியம் ஒரு மணிக்குத்தான் வருவாள். அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதைக்கூட யோசித்துத்தான் குடிப்பேன். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். பெண்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எங்கள் தெருவுக்கே கௌரவமாக இருந்தது.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை; இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் எல்லோரும் 'என்ன பார்த்துப் பயந்தே?' என்று கேட்டே என் உயிரை எடுத்தார்கள். ஒரு மூடி விழுந்தது. ஒயரைச் செருகினேன். வாயைத் திறந்தால் மூச்சு வரவில்லை. நெஞ்சு அடித்த அடியில் ஹெட்போனுக்குள் என் இதயம்தான் கேட்டது. கை விரல் மரத்துப்போனது. செத்துப்போகப் போகிறேன், அதுவும் இந்த நாற்காலியில், தலையில் இந்தப் பட்டையோடு. எழுந்து ஓடலாம் என்றால் ஒயர் இழுக்கிறது, சட்டம் இழுக்கிறது. பத்து நிமிடத்தில் அது தானாகவே போய்விட்டது. ஒரு மணிக்கு மாற்று ஆள் வந்து, 'என்னடி, முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு?' என்றாள்.

அது போர்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. கேட்டைச் சாத்திவிட்டால் கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக நகர்ந்து முடிய அரை மணி ஆகும். நெரிசல் பஸ்ஸில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், என் மேல் நான்கு பேர் சாய்ந்து நிற்க, அங்கேயும் வந்தது. அப்புறம் கோயிலில் நடு பெஞ்சில் வந்தது. வெளியே போக வழியில்லாத இடம் எதுவோ அங்கெல்லாம் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ராயபுரம். துறைமுகத்தில் கப்பல் தளத்தில் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் விஞ்சு டிரைவர். பெண் பார்க்க வந்தபோது சத்தமாகச் சிரித்தார், பஜ்ஜியை ஒன்றுக்கு நான்காகச் சாப்பிட்டார், எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குத்தான் வேறு கவலை. பீடத்துக்கு முன்னால் மோதிரம் மாற்றும்போது நான் மூச்சுத் திணறி விழுந்தால்? பெண்ணுக்குச் சீக்கு என்று சபையே பார்க்குமே! தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தார், நாக்கைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார்.

"இதயம் நல்லாதான் இருக்கும்மா. நரம்புத் தளர்ச்சி. மூணு வேளை இதைப் போடு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்."

சீட்டில் ஏதோ கிறுக்கினார். என்ன மருந்து, என்ன செய்யும், எத்தனை நாள் என்று நாங்களும் கேட்கவில்லை. டாக்டரைக் கேள்வி கேட்பதா? அதெல்லாம் அந்தக் காலத்தில் மரியாதை கெட்ட வேலை.

சின்ன மஞ்சள் மாத்திரை. நடுவில் ஒரு கோடு. மூன்றாவது நாள் போர்டில் மூடி விழுந்தது, நான் ஒயரைச் செருகினேன், பேசினேன். பயம் செத்துவிடவில்லை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது, எப்போதாவது அதன் இருமல் மட்டும் கேட்கும். அடடா, இதற்காகவா இத்தனை மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று இருந்தது. தை மாதம் கல்யாணம். போட்டோவில் பாருங்கள், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருப்பேன்.

அம்மா வழியனுப்பும்போது காதில் சொன்னது ஒன்றுதான்: "மாத்திர விஷயம் அந்த வீட்டுல மூச்சு விடாத. கீழ்ப்பாக்கம் பைத்தியாஸ்பத்திரி கேஸுன்னு சொல்லிடுவாங்க."

எங்கே ஒளிப்பது? ராயபுரத்தில் அந்த வீடு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மாமியார், புருஷன், நான். பெட்டியை மாமியார் திறப்பார், தலையணையை அவர் உதறுவார். யாரும் கைவைக்காத பொருள் என்னிடம் ஒன்றுதான் இருந்தது, ஜெபமாலை வைக்கும் வட்ட டப்பா. ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டப்பாவில் மாத்திரையை வைத்தேன். சாப்பிட்டதும் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடத்தில் இருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் முக்காடு போட்டு நிற்பேன். வாயில் போட்டு விழுங்கிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்புவேன்.

மாமியார் உருகிப்போனார். காசிமேட்டு மீன் ஏலத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தமுக்கு அடித்தார். "எங்கூட்டு மருமவ மூணு வேளயும் ஜெபமாலயும் கையுமா கீது. கோவம்னா இன்னான்னே தெர்யாது. ஒரு வார்த்த எதுத்துப் பேசாது. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" தெருவில் என்னைப் பார்த்தால் கிழவிகள் என் நெற்றியில் சிலுவை போட்டார்கள். கூசிப்போகும் எனக்கு.

கோபம் வராதது உண்மைதான். அதற்கு முன்னால் நான் வாயாடி. ஒர்க்‌ஷாப் தெருவில் என் வாய்க்குப் பயந்து குழாயடியில் வழிவிடுவார்கள். மாத்திரை பயத்தை மட்டும் தேடிப் பிடித்து அடைக்கவில்லை, கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்து அடைத்தது. அப்பாவின் வருஷப் பூசையில் எனக்கு அழுகை வரவில்லை. புருஷன் செல்லமாகச் சீண்டினால் அரை நிமிடம் கழித்துத்தான் சிரிப்பேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "அமைதியான பொண்ணு" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்.

சீட்டை வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் நீட்டுவேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சீட்டில் ஊதா மை முத்திரை குத்தி மாத்திரையைக் கொடுத்துவிடுவார். பெரம்பூர் டாக்டரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்று வேளை போதாமல் நான்காவதும் நானாகவே போட ஆரம்பித்தேன். பதினான்கு மாதம் இப்படி ஓடியது. சீட்டில் இடமே இல்லாமல் முத்திரை.

அடுத்த வருஷம் தபசு காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்றை விடுவார்கள். புருஷன் பீடியை விட்டார். மாமியார் வெற்றிலையை விட்டார். விபூதிப் புதன் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார்: உனக்கு எது இல்லாமல் இருக்க முடியாதோ அதை விடு; விட்டதை ஊருக்குத் தமுக்கு அடிக்காதே, ஆசையை அடக்கும் அந்த ஒறுத்தல் சர்வேசுரனுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு நான் முழங்காலில் இருந்தேன். எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெபமாலை டப்பாவை வைத்து ஒரு கிழவியை ஏமாற்றிய பாவம் வேறு நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பரிகாரம் என்று தோன்றியது. பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்து, இருந்த மாத்திரை அத்தனையையும் தண்ணீரில் கொட்டினேன். எவ்வளவு பெரிய புண்ணியவதி நான்! யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. நாலாம் நாள் தூக்கம் போனது. ஐந்தாம் நாள் புடவை உடம்பில் பட்டால் அரம் வைத்துத் தேய்ப்பது போல் எரிந்தது. சைரன் ஊதினால் பல் கூசும். போர்டில் மூடி விழும் டக் சத்தத்துக்கு நாற்காலியிலிருந்து எகிறினேன். பழைய பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது அதன் பாட்டன். சோதனை என்று நினைத்துக்கொண்டேன். பிசாசு சோதிக்கிறது, நாற்பது நாள் தாங்கு, தாங்கினால் ஜெயம். ஆப்பைப் பிடுங்கி வாலைக் கொடுத்த குரங்கு நான். அதற்கு ஜெபம் வேறு.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் கோயிலில் சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்த கதையைப் பதினான்கு ஸ்தலமாக நின்று நின்று ஜெபிப்பது. ஜனம் நிரம்பி வழிந்தது, மாமியார் என்னை நடுவில் உட்கார வைத்தார். ஐந்தாம் ஸ்தலத்தில் மெழுகுதிரி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆறாம் ஸ்தலத்தில் முழங்கால் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். உள்ளங்கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்து விரலை மடக்கிப் பிடித்திருந்தார்கள். நாக்கில் ரத்தம். புடவை நனைந்திருந்தது. மேலே வட்டமாக முகங்கள், அத்தனையும் தெரிந்த முகங்கள். ஒருத்தி சொன்னாள்: "காக்கா வலிப்பு. கை கால இஸ்துகினு நொரை தள்ளிச்சே, நா பாத்தேன்."

அந்த ஒரு வார்த்தையோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். வலிப்பை மறைத்துக் கல்யாணம் பண்ணிவைத்தால் எங்கள் பக்கம் அது மன்னிக்கிற குற்றமில்லை. மறுநாளே அம்மாவுக்கு ஆள் போனது. அம்மா பெரம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறாள், மாமியார் உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா சம்மந்தி, சீக்குக்காரப் பொண்ண எங்க தலயில கட்டிட்டியே! ஒத்தப் புள்ள பெத்து வெச்சிகீறேன். பொறக்கற கொழந்தைக்கும் வந்தா யாரு பதில் சொல்றது?"

"மாதா சத்தியமா அவளுக்கு வலிப்பு கெடையாதுங்க."

"ஜனம் பூரா பாத்துச்சே! அப்ப அது இன்னா, டான்ஸா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மாத்திரை என்று சொன்னால் வலிப்புக்காரி இல்லை, பைத்தியக்காரி. சொல்லாவிட்டால் பைத்தியக்காரி இல்லை, வலிப்புக்காரி. இரண்டு பக்கமும் கொள்ளி, நடுவில் எறும்பு. அதோடு நான் மாத்திரையை நிறுத்திய விஷயம் அம்மாவுக்கே தெரியாது. மாத்திரை போட்டும் இப்படி வந்துவிட்டதே என்று அவள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான்கு பெரியவர்களை வைத்துப் பேசி, என்னை பெரம்பூருக்கே அனுப்பிவிடுவது என்று மாமியார் முடிவு சொன்னார். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசுவார் என்று காத்திருந்தேன்.

வேலைக்குப் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குழாயடிக்குப் போகக் கூடாது. மாமியார் கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ கிளம்பினால் வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டுப் போவார். கெட்ட எண்ணம் இல்லை. ரோட்டில் விழுந்து லாரியில் அடிபடுவேனோ என்ற பயம் அவருக்கு. ஆனால் பூட்டு பூட்டுதானே! ஜன்னலில்லாத போர்டு அறையில் மூச்சு முட்டுகிறது என்று புலம்பியவளுக்கு இது சரியான பரிசு. நாலு சுவர், எரிகிற தோல், உதறுகிற கை. இன்னொரு தடவை வலிப்பு வந்தால் ஞாயிறு வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்கள். கதவைக் கையால் அறைந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "சொம்மா படுமே, அத்த வந்துடும்" என்று வெளியிலிருந்து சமாதானம் சொன்னாள்.

அந்தச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். இங்கிலீஷ் படித்தவள்தான், போனில் துரைகளோடு பேசியவள்தான். அந்தக் கிறுக்கலில் ஓர் எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. பதினான்கு மாதமாக எதை விழுங்கினேன் என்று தெரியாமல் விழுங்கியிருக்கிறேன், எதை நிறுத்தினேன் என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. பதினான்கு மாதம் கழித்து வந்த முதல் ஆத்திரம் அது. கடலில் போய் மூழ்கித் தேடினால் ஒரு மாத்திரையாவது கிடைக்காதா என்றும் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

புதன்கிழமை பங்குச் சாமியார் நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். மாமியாரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். தபசு கால ஒறுத்தல், ஜெபமாலை டப்பா, கடலில் கொட்டியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் மனிதருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"மருந்தை விடச் சொல்லி எவன் சொன்னான்? காப்பியை விடு, வம்பு பேசறத விடு. டாக்டர் கொடுத்தத கடல்ல கொட்டறது ஒறுத்தலா? ஆங்காரம்! நாளைக்கே டாக்டர்கிட்ட போ. அதுதான் உனக்குப் பரிகாரம்."

"சாமி, நீங்களே அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் யார்கிட்டயும் சொல்ல முடியாதும்மா. செத்தாலும் சொல்ல முடியாது. உன் வாயாலதான் சொல்லணும்."

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். ராயபுரம் முழுவதிலும் என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள், வாயைத் திறக்கக் கூடாத ஆள். போகும்போது என் அனுமதியோடு வாசலில் மட்டும் சொன்னார்: "டாக்டர்கிட்ட காட்டாம யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்." சாமியார் பேச்சை மாமியார் தட்ட மாட்டார்.

மறுநாள் புருஷன் லீவு போட்டு என்னை பெரம்பூருக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் வாயைத் திறக்க நூறு தடவை முயன்றேன். டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்ததுதான் மிச்சம். கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, புருஷன் பக்கத்தில் நிற்க, சீட்டை மேஜை மேல் வைத்தேன். "இதை பதினாலு மாசம் போட்டேன் டாக்டர். நாலு வேளை. அப்புறம் ஒரே நாள்ல நிறுத்திட்டேன்" என்றேன். திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல் ஊதா முத்திரைக்கு அடியில் நகத்தால் காட்டினார். "ஒரு மாசம், அப்புறம் வந்து பார்க்கவும்னு இங்க எழுதியிருக்கேன் பாரு." முத்திரை சரியாக அதன் மேலேயே குத்தியிருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் வாயால சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அன்றைக்குத்தான் அந்த மாத்திரையைப் பற்றி ஒரு மனிதர் எனக்கு விளக்கினார். பயத்தின் வேரை அது எடுக்காது. கொஞ்ச நாளைக்கு அமர்த்திவைக்கும், அவ்வளவுதான். நாள்பட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அப்புறம் அளவு போதாது. பழகிய உடம்பிலிருந்து அதைத் திடீரென்று பிடுங்கினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. "இது வலிப்பு நோய் இல்லப்பா. மாத்திரையை நிறுத்தினதால வந்தது. திரும்பக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மாசக்கணக்கில ஆகும். அவசரப்படக் கூடாது" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். கம்பவுண்டர் மாத்திரையை இடித்துப் பொடியாக்கி, பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். புலி வாலைப் பிடித்தாகிவிட்டது. இனி விரல் விரலாகத்தான் விட வேண்டும்.

வெளியே வந்ததும் புருஷன் நடந்துகொண்டே இருந்தார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒர்க்‌ஷாப் மதில் ஓரத்தில் நின்று திரும்பினார்.

"எப்பலருந்து துன்றே இத்த?"

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி."

"அப்ப மோதரம் மாத்திக்கினப்ப?"

"போட்டிருந்தேன்."

"என்னாண்ட சிரிச்சிப் பேசினியே, அப்பல்லாம்?"

தலையை ஆட்டினேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நா கட்டிக்கினு வந்தது யாரமே? உன்னியா, மாத்திரயயா?"

பைத்தியக்காரி என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பதிமூன்று மாதம் அவரோடு படுத்து எழுந்தது, அவருக்குச் சோறு போட்டது, அவர் மார்பில் சாய்ந்தது யார் என்று எனக்கே தெரியவில்லை. "எனக்குத் தெரியலைங்க" என்றேன். மதில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். வலிப்பு இல்லை என்றதும் மாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் டப்பா விஷயம் கேட்டதும் அவர் முகம் விழுந்துபோனது. "ஊர் பூரா சொன்னேனே பொண்ணே. சுரூபத்துக்கு முன்னாடி நின்னு நீ துன்னது அதுவா?" திட்டவில்லை, அழுதார். அன்று முதல் பொட்டலங்கள் அவர் முந்தானை முடிச்சில். வேளைக்கு ஒன்று பிரித்து என் வாயில் கொட்டுவார். "நாக்க நீட்டு" என்பார். நீட்டுவேன். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு வேளைக்கு வேளை நாக்கை நீட்டுவது என்னவென்று பட்டவளுக்குத்தான் தெரியும்.

ஏழு மாதம். பொட்டலத்தில் பொடி குறையக் குறைய, பக்கத்து அறையில் இருந்தது கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கும். வேலைக்குத் திரும்பப் போனேன், போர்டு முன்னால் வியர்த்து நனைந்தேன், எழுந்து ஓடாமல் உட்கார்ந்தேன். சில நாள் ஓடியும் வந்தேன். புருஷன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். கோபம் இல்லை. சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார், அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று பார்ப்பது போல. எனக்கும் அதே பயம்தான். மாத்திரை இல்லாத என்னை அவருக்குப் பிடிக்காமல் போனால்? கல்யாணத்தன்று அவர் பார்த்த அந்த அமைதியான பெண் எங்கேயும் இல்லை. அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் எனக்கு வழி தெரியும், வண்ணாரப்பேட்டைக் கடையில் அவள் கிடைப்பாள். போகாமல் இருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒறுத்தல்.

கடைசிப் பொட்டலம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று சிநேகிதர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தார்.

எங்கிருந்துதான் வந்ததோ! "ஏன்யா, மனசுல என்ன நெனச்சிக்கிட்டிருக்கே? நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா? மணி பன்னெண்டுக்கு மீனைக் கொண்டாந்து வெச்சா எவ கழுவறது, எவ ஆக்கறது? சொல்லிட்டுச் செய்ய வாய் இல்ல? ஒனக்கும் ஒன் தோஸ்துங்களுக்கும் வேற வேலையே கிடையாதா?" தெருவுக்கே கேட்டிருக்கும். கையிலிருந்த அகப்பை நடுங்கியது. சொல்லி முடித்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. வாசலில் மாமியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவ்வளவுதான், இன்றைக்கு பெரம்பூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது?" என்றார்.

"நான்தான்."

"கை ஏன் இப்படி உதறுது?"

"பயம்."

"என்னியப் பாத்தா?"

"எல்லாத்தையும் பாத்து. உன்னையும் சேத்துத்தான்."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடையை இழுத்து, அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார். "செரி, குந்து. நா ஆஞ்சித் தர்றேன்" என்றார். விஞ்சு பிடித்த கைக்கு மீன் என்ன தெரியும்? பாதிச் செதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கத்தினேன். அவர் சிரித்தார், பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சிரித்த அதே சத்தத்தோடு. நான் அந்த மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா செத்ததுக்கும் சேர்த்து அழுதேன்.